பத்தாவது ஆள்

என் அக்காவின் நெற்றியோரத்தில், முடி தொடங்குகிற இடத்தில், பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. அது சித்திரை மாதம், ஊரில் பாதிப் பேருக்கு வேனல் கட்டி வருகிற காலம். அக்கா சந்தனம் இழைத்துத் தடவினாள். நுங்கு வாங்கித் தின்றாள். எட்டு மாதம் தடவினாள். தோலை அறுத்துப் பார்த்துப் புற்றுநோய் கண்டுபிடிக்கிற மையத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிற தங்கச்சி நான், ஆவணியில் ஒரு காதுகுத்துக்கும் அப்புறம் தீபாவளிக்கும் அவள் வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்தக் கட்டியையும் பார்த்தேன். "இன்னும் போகலியாக்கா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கார்த்திகையில் கட்டியிலிருந்து ரத்தம் கசிந்தது. அப்போதுதான் இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் மையம் விருதுநகருக்கு வெளியே, நாற்கர சாலையை ஒட்டி இருக்கிறது. டாக்டர் அருமைநாயகம் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து என்னிடம் அனுப்பினார்.

எங்களிடம் ஓர் எந்திரம் உண்டு. அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஜோசியர் என்போம். சதையை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றி உள்ளே தள்ளினால், நாற்பது விநாடியில் நோயின் பெயர் சொல்லும். அதோடு நிற்காது, அந்த நோய்க்கு என்ன மருந்து செய்ய வேண்டும் என்றும் வகுத்துக் கொடுக்கும். அது வந்த பிறகு டாக்டர்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிவதை விட்டுவிட்டார்கள். எட்டு டெக்னீஷியன்களில் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் ஸ்டெல்லாவும் மிச்சம். சீவுவதற்கு மட்டும் இன்னும் மனுஷக் கை வேண்டியிருக்கிறது.

சொந்தக்காரர் சதையைச் சொந்தக்காரர் சீவக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். கை நடுங்கும் என்பதால். நான் கேட்கவில்லை. "எங்கக்காவ நான்தான் பாப்பேன், எந்திரிடி" என்று ஸ்டெல்லாவைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் கை நடுங்கவே இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்று மணிக்கு ஜோசியர் சொன்னது: வியர்வைச் சுரப்பிப் புற்று. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய். பெயருக்குக் கீழே ஓர் எண் வரும், இந்தப் பகுதியில் அந்த நோயோடு உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று. ஏழு வருஷத்தில் இருபத்து இரண்டு பேர் வந்தார்கள், பதினான்கு பேர் செத்துப்போனார்கள். அக்காவைச் சேர்த்து ஒன்பது. பத்து வந்தால்தான் மருந்து என்பது எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு அடுத்து நான் சீவிய ஸ்லைடு உள்ளே போனது. மூன்று மணி ஒரு நிமிஷத்துக்கு ஜோசியர் மறுபடி அதே பெயரைச் சொன்னது. பத்து.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஸ்டெல்லா ஜெபம் பண்ணினாள். டாக்டர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "உங்கக்கா கெட்டிக்காரிம்மா, வரும்போதே தொணையோட வந்துருக்கா" என்றார்.

மறுநாள் அக்காவை உட்கார வைத்து விளக்கினார். அக்கா செல்வக்கனி ஓர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை. எதிரில் டாக்டர் இருந்தாலும் கலெக்டர் இருந்தாலும் கேள்வி கேட்பது அவள்தான்.

"அதென்ன சார் பத்து? ஒன்பதுன்னா ஆகாதா?"

"டீச்சர், ஒரே ஒரு பையன் பேப்பரத் திருத்துறீங்க. அவன் செஞ்ச தப்பு பாடம் கஷ்டங்கிறதாலயா, அவன் சேட்டையாலயான்னு தெரியுமா?"

"தெரியாது."

"பத்துப் பேர் பேப்பரப் பாத்தா தெரியும்லா? அதுபோலத்தான். எது நோயோட குணம், எது ஆளோட குணம்னு பிரிக்கிறதுக்கு ஜோசியருக்குப் பத்துப் பேர் வேணும். முன்ன வேறொரு நோய்க்கு ஆறு பேர வச்சு மருந்து செஞ்சாங்க. மருந்து நோய விட்டுட்டு ஆளத் தின்னுட்டுது. அப்புறம்தான் சட்டம் வந்துது. உயிரோட பத்துப் பேர் இருக்கணும், ஒரே நாள்ல மருந்து ஏத்தணும். ஒருத்தர் வெலகுனா அத்தனை பேருக்கும் கெடையாது."

"என்ன பாடு படுத்தும்?"

"நல்ல சுரப்பி, கெட்ட சுரப்பின்னு அதுக்குத் தெரியாது. உடம்புல உள்ள வேர்வச் சுரப்பி அம்புட்டையும் அழிச்சிரும். அப்புறம் ஆயுசுக்கும் ஒரு சொட்டு வேர்க்காது."

"நல்லதாப் போச்சு, ஜாக்கெட் மிச்சம்" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. "நம்ம ஊர் வெயில்ல வேர்க்கலன்னா உடம்பு கொதிச்சிரும் டீச்சர். அரை மணி நேரம் வெளிய நின்னா மயக்கம், ஒரு மணி நேரம் நின்னா உசுரு. ஏசி ரூம், நனைச்ச சட்டை, இதுதான் இனிமே."

"நான் ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்கிறேன். அசெம்பிளிய வேற யாராச்சும் பாக்கட்டும். என்னைக்கு சார் ஏத்துவீங்க?"

இருபத்து மூன்று நாள் கழித்துத் தேதி குறித்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்தில் இருபத்து இரண்டு பேர். ஒரே நாளில், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு பேரா? ஜோசியருக்கு ஆச்சரியப்படத் தெரியாது. எங்களுக்குமா தெரியாமல் போயிற்று? டிபன் பாக்ஸை மூடினேன்.

பத்தாவது ஆளின் ஸ்லைடை எடுத்தேன். பெயர் வெள்ளைப்பாண்டி, வயது முப்பத்தொன்பது, பிடரியில் கட்டி. மூலையில் கிடந்த பழைய மைக்ரோஸ்கோப்பைத் தூசி தட்டிக் குனிந்தேன். நடுவில் அவனுடைய சதை, சும்மா ஒரு கொழுப்புக் கட்டி. புற்று ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் தீவாகக் கிடந்தது. அவன் சதையோடு எங்கும் ஒட்டவில்லை. அந்தத் தீவை எனக்குத் தெரியும். அதன் வளைவை இரண்டு நாளாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் அக்கா.

சீவிய ஏட்டை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடில் ஏந்தி எடுப்போம். ஒருவர் முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் முன்னவரின் துணுக்கு மிதந்து வந்து பின்னவரின் ஸ்லைடில் ஏறிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை. அன்று, நடுங்காத கையைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, மறந்துவிட்டேன்.

வெள்ளைப்பாண்டியின் மெழுகுக் கட்டியை எடுத்து இன்னும் ஆழமாகப் பன்னிரண்டு ஏடு சீவினேன். எதிலும் புற்று இல்லை. அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

டாக்டரின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"இத யார்ட்டயெல்லாம் சொன்ன?"

"உங்ககிட்டதான் சார்."

"நீ சொல்லல. நான் கேக்கல."

"சார்!"

"உக்காரு அன்பு. அவன் வெலகுனா ஒன்பது. ஒன்பதுன்னா மருந்து இல்ல. அந்த ஒன்பது பேருக்கும் உசுரு போகும், இன்னைக்கோ ஒரு வருஷத்திலயோ. அவனுக்கு வேர்வதான் போகும். உசுரு போகாது. ரெண்டையும் தராசுல வை, எது எறங்குதுன்னு நீயே பாரு."

"மருந்து தப்பா வந்துட்டா? ஜோசியர் ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணிருக்கே?"

"ஒன்பதுக்கும் பத்துக்கும் மருந்துல பெரிய வித்தியாசம் வராது. சட்டம் போட்டவன் முழு எண்ணாப் போட்டான், அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினார். "ஒன்பதுல ஒண்ணு உங்கக்கா."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு அது மறந்தா போயிருந்தது? ஆனால் சொன்னதும் என் வாய் அடைத்துக்கொண்டது. நல்லவேளை யாரோ எனக்காகச் சொல்லிவிட்டார்கள் என்று உள்ளே ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியோடு எட்டு நாள் திரிந்தேன். அக்கா வீட்டு ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். அவளுக்கு நனைத்துப் போடுகிற சட்டை தைக்க அளவெடுத்தேன்.

ஒன்பதாம் நாள் வெள்ளைப்பாண்டியைப் பார்க்கப் போனேன். சொல்வதற்காகப் போகவில்லை. ஆள் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். புரோட்டா மாஸ்டர் என்று சீட்டில் போட்டிருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. காலை பதினொரு மணி, இன்னும் வியாபாரம் தொடங்கவில்லை. அவன் கல்லுக்கு முன்னால் நின்று, எண்ணெய்க்குள் புரோட்டாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறதைப் புறங்கையால் வழித்துவிட்டுக்கொண்டே, பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு மாவு வீசச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பொண்டாட்டி.

"இழுக்காதத்தா, வீசு! மணிக்கட்டச் சுத்து! கிழியுதுன்னு பயந்தா கிழியத்தான் செய்யும்."

என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவள்தான் முதலில் பார்த்தாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"லேப் மேடமா? டாக்டர் சொன்னாருங்க. கொழுப்புக் கட்டின்னு சும்மா விட இருந்தாங்களாம், ஸ்லைடு போட்ட மேடமாலதான் வெளிய தெரிஞ்சுச்சாம். கும்பிடுறேன் மேடம். உக்காருங்க. ஏய், ரெண்டு பொரிச்சது எடுத்து வை, சால்னா ஊத்து. காசெல்லாம் பேசப்படாது. கண்டுபுடிக்காம இருந்தா இந்நேரம் என் பிள்ளைக தெருவுல."

இலையில் புரோட்டா வந்தது. நான் ஒரு விள்ளல் பிய்த்தேன்.

"அடுப்புப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க" என்றான் அவன். "அதான் இவளத் தேத்திட்டிருக்கேன். இருபத்தோரு வருசம் மேடம் இந்தக் கல்லுல. இனிமே என்ன செய்யன்னு தெரியல. ஆனா உசுரு இருந்தாப் போதும்ல? நீங்க கும்புடுற சாமி எதுன்னாலும் சொல்லுங்க, அதுக்கு நான் ஒரு சூடம் பொருத்துறேன்."

விள்ளலை இலையிலேயே வைத்தேன். நான் இலையைத் தள்ளிவிட்டுச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, காகிதம், மிதந்து வந்த துணுக்கு, எல்லாம் சொன்னேன். அக்கா என்று மட்டும் சொல்லவில்லை, இன்னொருவருடைய துணுக்கு என்றேன்.

அவன் முதலில் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் இல்லயா?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லயா?"

"இல்லங்க. கொழுப்புக் கட்டி. அத எடுத்தாச்சு."

அவன் பொண்டாட்டி மாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழத் தொடங்கினாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். முகம் மாறியது.

"பன்னெண்டு நாளா இவ சோறு திங்கல. எம் மக பரீட்சைக்குப் போகல. இப்ப வந்து தண்ணியத் தொடைக்கலங்கிற. உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒம்பது நாள் ஆச்சு."

"ஒம்பது நாளு!" என்று கத்தினான். அதன் பிறகு அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுத வேண்டியதுதான், ஆனால் என் அம்மாவையும் சேர்த்துப் பேசினான். நான் உட்கார்ந்து கேட்டேன். மற்ற ஒன்பது பேர் என்ன ஆவார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவன் ஏன் கேட்க வேண்டும்?

அன்றே அவன் மையத்துக்கு வந்து, விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். திரையில் பத்து ஒன்பதாயிற்று. டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மெமோ கொடுத்தார்கள், விசாரணை வைத்தார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் சீவ ஆள் இல்லை.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அழுவாள், கட்டிக்கொள்வாள், நீ செஞ்சதுதான் சரி என்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். டீச்சர் அல்லவா. பிள்ளைகளுக்கு நீதி போதனை வகுப்பு எடுக்கிறவள் அல்லவா.

அக்கா முழுவதையும் கேட்டாள். "அவனுக்கு வேர்வ போயிருக்கும். அவ்வளவுதானே?"

"ஆமாக்கா."

"எனக்கு?"

நெற்றிக் கட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்லடி" என்றாள். "யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நான்தானே உன் அக்கா? அவனா?" பிறகு எழுந்து ஜன்னலில் நான் ஒட்டிய கறுப்புத் தாளைக் கிழித்துப் போட்டாள். "நீ போ. இனிமே இங்க வராத."

போனேன். போன் பண்ணினால் எடுக்கமாட்டாள். அத்தான்தான் திருட்டுத்தனமாக ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். துணுக்கு எடுத்த தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டி வந்துவிட்டது என்றார். காதுக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது என்றார்.

ஒன்பது குடும்பங்களும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். விசாரணைக்குப் பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. செய்தி வருவது என்னிடமிருந்துதானே. தினமும் காலையில் யாராவது ஒருவர் கேட்பார்: "இன்று வந்ததா?" நான் "இல்லை" என்று போடுவேன். ஒன்பது வீட்டிலிருந்தும் கும்பிடுகிற கைகள் வரும். சிவகாசியில் ஒருவருக்குக் கழுத்தில் சந்தேகமான கட்டி என்று ஒருநாள் ஒரு பையன் எழுதினான். குழுவே குதூகலமாகிவிட்டது. அவரைக் கையோடு காரில் கூட்டி வந்தார்கள். சாதாரணக் கட்டி. அவர் சந்தோஷமாகப் போனார். கூட்டி வந்தவர்கள் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆள் கிடைத்தால் மொட்டை போடுவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு அம்மா நேர்ந்துகொண்டாள். யாரோ ஒருவருக்குப் புற்று வர வேண்டும் என்று நேர்த்திக்கடன். அதைப் படித்துவிட்டு நான் முகம் சுளித்திருக்க வேண்டும். நானும் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அப்போது தென்காசிப் பெரியவர் ஒருவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் போனால் எட்டு.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு ஜோசியர் அந்தப் பெயரைச் சொன்னது. பத்து.

நான் நம்பவில்லை. ஸ்லைடை உருவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஓரத்தில் இல்லை. நட்டநடுவில், சதைக்குள் வேர் விட்டு நின்றது. தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, மூன்று தடவை வழித்து, மறுபடி சீவினேன். அதிலும் இருந்தது. இன்னும் ஆழத்தில் சீவினேன். அதிலும் இருந்தது.

"வந்துருச்சு! ஸ்டெல்லா, பத்து வந்துருச்சுடி!"

ஸ்டெல்லா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கிழடுகளும் அந்தச் சின்ன இடத்தில் குதித்தோம். டாக்டர் வந்து தானே குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்லவேள தாயி, நல்லவேள" என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். நாலாவது தடவைதான் எடுத்தாள்.

"அக்கா, பத்து."

"தண்ணியத் தொடச்சியாடி?"

"தொடச்சேன்க்கா. மூணு தடவ. ஆழம் வரைக்கும் பாத்துட்டேன். நெசம்க்கா."

அந்தப் பக்கம் அக்கா ஓவென்று அழுதாள். "அன்பு" என்றாள். இரண்டரை மாதமாக அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நானும் அழுதேன், சிரித்தேன், என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை.

கவுண்டர் ஜன்னலை யாரோ தட்டினார்கள். ஒரு பெண். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பட்டாசு ஆலையின் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையில் சீட்டோடு நின்றாள். அக்குளில் கட்டி என்று போன வாரம் வந்தவள்.

"மேடம், எனக்கு இன்னைக்கு ரிப்போர்ட்டுன்னாங்க. பேரு இலக்கியா. பன்னெண்டு மணிக்குள்ள கம்பெனிக்குப் போகணும், பர்மிசன்ல வந்திருக்கேன்."

கையிலிருந்த ஸ்லைடைப் பார்த்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் அதே பெயர் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் குதிச்சதப் பாத்தேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள். "என்னமோ நல்ல சேதி போல. எனக்கும் நல்லபடியாத்தானே மேடம் வந்திருக்கு?"

போன் இன்னும் என் காதில் இருந்தது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "யாருடி அந்த மகராசி? பேரச் சொல்லு, சாயங்காலம் கோயில்ல அவ பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணணும்."